இறங்கி நடந்தவன்

சன்னலோரமா நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க. கோயமுத்தூரு போறீங்களா? நானும் அங்கதான் போறனுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போறேன். நாலு மாசமாச்சு.

என்ர மச்சினனப் பாக்கப் போறனுங்க. என் சம்சாரத்தோட கூடப் பொறந்தவன். ஜெயில்ல இருக்கான். மான் சுட்ட கேசு.

நீங்க பாரஸ்ட்டு ஆளு இல்லீங்களே? வாத்தியாருங்களா? அப்பச் சரிங்க. வாத்தியாருகிட்டச் சொல்லலாம். பஸ்ஸ உட்டு எறங்குனா நீங்க ஆரோ நான் ஆரோ.

மான் சுடறதுல ரெண்டு விதம் இருக்குதுங்க. நடந்து போயிச் சுடறது ஒரு விதம். ரோட்டுல வண்டிய நிறுத்தி, வண்டிக்குள்ள இருந்தே சுடறது ஒரு விதம். கேசு போடறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தப்புத்தான், நான் இல்லேங்கலை. சட்டப்படி தப்பு. ஆனா எனக்கு ரெண்டும் ஒண்ணில்லீங்க. எப்படி ஒண்ணாகும்?

எங்கூரு அந்தியூருக்கு மேக்க, மலையடிவாரம். மச்சினன் பேரு சென்னியப்பன். என்னையவிட ரெண்டு வயசு சின்னவன், அவ்வளவுதான். நான் பாவாயியக் கட்டுன வருசத்துலருந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் காட்டுக்குப் போவோம். இருபத்தேழு வருசமுங்க. வெள்ளி மொளைக்கறப்ப கெளம்புவோம். பள்ளத்தத் தாண்டி, கரடு ஏறி, அந்தப்பக்கம் குட்டைக்கு எறங்கறதுக்குள்ள வெயிலு வந்துரும். செருப்புப் போட மாட்டோம். பீடி குடிக்க மாட்டோம். நான் ஒரு சிட்டிகை மண்ண எடுத்துக் கீழ உட்டுப் பாப்பேன், காத்து எந்தப்பக்கம் போகுதுன்னு. காத்து நம்ம முதுகுலருந்து அடிச்சுதுன்னா மானுக்கு நம்ம வாசம் போயிரும். அப்பச் சுத்திக்கிட்டுப் போகோணும். அந்தச் சுத்து சில நாளைக்கு மூணு மைலுங்க. மூணு மைலு, முள்ளுக்குள்ள, பேசாம.

பத்து நாளு போனா எட்டு நாளு வெறுங்கையோடதான் வருவோம். பாவாயி ஒண்ணும் கேக்க மாட்டா. ரசம் வெச்சு வெச்சிருப்பா.

துப்பாக்கி எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணே ஒண்ணுதான். என்னுது. எங்கய்யன் வெச்சிருந்தது. நாட்டுத் துப்பாக்கி. லைசன்சு கிய்சன்சு ஒண்ணுமில்லீங்க. ஒரு வெடிதான் வெடிக்கும். தப்பிப்போச்சுன்னா மறுக்கா மருந்து போட்டு, குச்சிய உட்டு இடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த மானு கர்நாடகாவுக்கே போயிருக்கும். அதனால சும்மா சும்மா சுட மாட்டோம். கெடாயப் பாத்துத்தான். பொட்டையத் தொட மாட்டோம், குட்டியத் தொட மாட்டோம். விக்க மாட்டோம். அடிபட்டு ஓடுச்சுன்னா ரத்தத்தப் பாத்துக்கிட்டே பின்னால போவோம். அடிபட்டத உட்டுட்டு வர்றதில்ல. அது எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு பேச்சுங்க. ஒருக்கா சென்னியப்பனுக்குப் பாதத்துல வேலா முள்ளு குத்தி மேல வந்துருச்சு. அப்பவும் பொழுதெறங்கற வரைக்கும் நடந்தான். மானக் கண்டுபுடிச்சு முடிச்சதுக்கு அப்பறந்தான் உக்காந்து முள்ளப் புடுங்குனான்.

அப்பேர்ப்பட்டவனுங்க. அவன் போயி ஜீப்புல ஏறுனான்.

போன வருசம் மழையில்லையா, காட்டுக்குள்ள குட்டையெல்லாம் வத்திருச்சு. மலை ரோட்டோரம் மண்ணெடுத்த குழியில மட்டும் கொஞ்சம் தண்ணி நின்னுச்சு. மானெல்லாம் அங்க வந்துருச்சு. டவுன்ல பட்டறை வெச்சிருக்கறவரு ஒருத்தரு, அவருகிட்டச் சென்னியப்பன் மோட்டாரு ரிப்பேருக்குப் போயிப் பழக்கம். அவருகிட்ட ஜீப்பு இருக்குது, ரைபிளு இருக்குது. ஒரு நாளு சென்னியப்பன் வந்தான்.

"மாமா, ரோட்டுல போனாப் போதுமுங்க. ஒரு மணி நேரத்துல வேல முடிஞ்சிருது."

"ஒரு மணி நேரத்துல முடியறதுக்கு அது என்ன மாப்ள, சவரமா?"ன்னு கேட்டேன்.

"எனக்கு முட்டி ஒத்துழைக்கலீங்க மாமா. கரடு ஏறுனா ரெண்டு நாளு எந்திரிக்க முடியறதில்ல."

முட்டி எனக்குந்தான் வலிக்குது. வலிச்சா நடக்காம இருந்தர்றதா? நான் அப்படிக் கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

ஒருக்கா என்னையும் கூட்டிக்கிட்டுப் போனானுங்க. பாத்துட்டுப் பேசுங்க மாமான்னான். சரி, பாக்கலாம்னு போனேன். ஜீப்புல டிரைவரு, பட்டறைக்காரரு, பின்னால நாங்க ரெண்டு பேரு. அப்பத்தான் பொலபொலன்னு விடிஞ்சுக்கிட்டு வருது. ரெண்டாவது வளைவுல குழிகிட்ட அஞ்சாறு மானு. நாங்க நடந்து போயிருந்தா எரநூறடிக்கு முன்னயே ஓடிப்போயிருக்கும். வண்டி வந்தா ஓடறதில்லீங்க. தெனம் பஸ்ஸப் பாக்குது, லாரியப் பாக்குது. வண்டின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு அதுக்குப் பழகிருச்சு. நிமுந்து நின்னு நம்மளையே பாக்குது. அதைத்தான் சுடறாங்க.

பட்டறைக்காரரு டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு. டம்ளர வெச்சாரு, சுட்டாரு, டம்ளர எடுத்தாரு. டீயில இன்னும் ஆவி வந்துக்கிட்டிருந்துச்சுங்க.

நான் எறங்கப் போனேன். "பெருசு, நீங்க உக்காருங்க. மச்சினன் பாத்துக்குவாரு"ன்னாரு. பெருசாம். எனக்கு அம்பத்தெட்டு. சென்னியப்பன் எறங்கிப் போயி இழுத்துக்கிட்டு வந்தான். டிரைவரு சிரிச்சான். என்னையப் பாத்துத்தான் சிரிச்சானா, வேற எதுக்காச்சும் சிரிச்சானா, தெரியலை. அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கலீங்க. அன்னைக்கே மறந்துட்டேன். மறுபடி நான் ஜீப்புல ஏறலை, அவ்வளவுதான்.

அதுக்கப்பறம் நான் மட்டும் நடந்தேன். ஒத்தையாப் போனா காடு வேற மாதிரி இருக்குதுங்க. என்னன்னு சொல்லத் தெரியலை.

மாசி மாசத்துல ஒரு நாளு அந்த ரெண்டாவது வளைவுக்குக் கீழ ரத்தம் பாத்தேன். காஞ்ச ரத்தம். முந்தின நாளு ரத்தம். ரோட்டுலருந்து எறங்குது. அதப் பாத்துக்கிட்டே போனேன். எரநூறடி இருக்கும், பள்ளத்துல ஒரு பொட்டை மானு படுத்திருந்துச்சு. பின்னங்காலு ரெண்டும் போச்சு. ரோட்டுலருந்து சுட்டது. உசுரு இருந்துச்சு. என்னையப் பாத்துட்டு எந்திரிக்கப் பாத்துச்சு, முன்னங்காலு மட்டும் எந்திரிச்சுச்சு. அருவாள்லதான் முடிச்சேன். வயித்துல குட்டி இருந்துச்சுங்க. அது கொஞ்ச நேரம் உள்ள அசைஞ்சுச்சு. அப்பறம் நின்னுருச்சு. நான் பீடி பத்த வெச்சேன்.

நேரா சென்னியப்பன் ஊட்டுக்குப் போனேன். சோறு தின்னுக்கிட்டிருந்தான்.

"நேத்துச் சுட்டது உங்க ஜீப்புலருந்துதானே?"

"ஆமாங்க மாமா."

"பொட்டை."

"தெரியுமுங்க. சுட்டது பட்டறைக்காரரு. நிறுத்துங்க, நான் போயிப் பாக்கறேன்னேன். எதுக்க லாரி வந்துச்சு. நிறுத்த மாட்டேன்னுட்டாரு."

"அடிபட்டத உட்டுட்டு வர்றவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது மாப்ள."

அவன் கைய உதறிட்டு எந்திரிச்சான். பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு. "இனிமே உட்டுட்டு வர மாட்டேனுங்க மாமா. வந்தா நான் உங்க மச்சினனில்ல"ன்னான். அழுதானா என்னன்னு தெரியலை, நான் மூஞ்சியப் பாக்கலை.

ஆனா ஜீப்ப உடலீங்க அவன். அப்பவும் போனான். அதைத்தான் நான் சொல்றேன். என் பேச்சுக்கு மதிப்பு இருந்திருந்தா ஜீப்ப உட்டிருப்பானா இல்லையா, நீங்களே சொல்லுங்க. ஒண்ணு மட்டும் பண்ணுனான். போறப்பெல்லாம் என் துப்பாக்கியக் கேட்டு வாங்கிட்டுப் போவான். "அடிபட்டு ஓடுனா நான் எறங்கிப் போயி முடிக்கோணும் மாமா. பட்டறைக்காரரு ரைபிளக் கையில குடுக்க மாட்டாரு"ங்கறான். சரி, எடுத்துட்டுப் போன்னு குடுத்துருவேன். சோளத்தட்டுப் போருக்குள்ள சொருகி வெச்சிருப்பேன். பாவாயிக்கும் எடம் தெரியும்.

பங்குனியில ஒரு நாளு டீக்கடையில உக்காந்திருந்தனுங்க. பாரஸ்ட்டு கார்டு ஒருத்தரு வந்து பக்கத்துல உக்காந்தாரு. நான் தேடிப் போகலை. அவராத்தான் வந்து உக்காந்தாரு. அவராத்தான் கேட்டாரு.

"ஏனுங்க, மலை ரோட்டுல வெடிச்சத்தம் கேக்குதாமே? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். எத்தன தடவ சொல்லியிருக்கேன். அன்னைக்கு வாயில வேற வந்துருச்சு. "புதனும் சனியும், விடியறப்ப, ரெண்டாவது வளைவுல. ஜீப்பு"ன்னேன். அவ்வளவுதானுங்க. பேரு சொல்லலை. சென்னியப்பன்கற பேரு என் வாயில வரவேயில்ல. அவரு தலையாட்டிட்டு டீயக் குடிச்சாரு. நானும் குடிச்சேன். அன்னைக்கு ஞாயித்துக்கெழமை.

செவ்வாக்கெழமை பொழுதோட சென்னியப்பன் வந்தான். "மாமா, துப்பாக்கி"ன்னான்.

நாந்தான் போருலருந்து உருவிக் குடுத்தேன்.

மறுநாளு புதன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சாங்கறீங்களா? இருந்துச்சுங்க. பொய் சொல்லப்படாது. ஆனா ஞாயித்துக்கெழமை சொன்னதுக்குப் புதங்கெழமையே வந்து நிப்பாங்களா? பாரஸ்ட்டுல ஆளே பத்தலைங்கறாங்க. அதுவுமில்லாம, புடிச்சா ஜீப்புக்காரனத்தானே புடிக்கோணும்? ஜீப்பு அவனுது. ரைபிளு அவனுது. இவன் பின்னால உக்காந்துக்கிட்டு வர்றவன்தானே. "பாத்துப் போ மாப்ள"ன்னேன். நான் எப்பவும் சொல்றதுதான். "நீங்களும் வாங்க மாமா"ன்னான். எனக்கு முட்டி வலிக்குதுன்னுட்டேன்.

மறுநாளு காலையில கெணத்துல இருந்த தண்ணிய வாழைக்குக் கட்டிக்கிட்டிருந்தேன். பால்காரன் வரப்போரம் வண்டிய நிறுத்தி, "உங்க மச்சினனப் பாரஸ்ட்டுல புடிச்சுட்டாங்க, துப்பாக்கியோட"ன்னு சொன்னான். இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருந்துச்சு. அதையும் கட்டி முடிச்சேன். மம்பட்டியக் கழுவுனேன். அப்பறந்தான் ஊட்டுக்குப் போனேன். ஏன் அப்படிப் பண்ணுனேன்னு பாவாயி பின்னால கேட்டா. தெரியலைன்னேன். தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு, கட்டுனேன். வேறென்ன சொல்றது.

நடந்தது என்னன்னு சென்னியப்பனே சொன்னான், மொத தடவ ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பாக்கப் போனப்ப. வலைக்கு அந்தாண்ட நின்னான். எளைச்சிருந்தான். இந்தப்பக்கம் ஒரே கூட்டம், எல்லாரும் கத்திப் பேசறாங்க. அவன் வாயில வந்த மொத வார்த்தையே என்னங்கறீங்க?

"மாமா, நான் உட்டுட்டு வரலீங்க"ன்னான்.

கெடாதானாம். பட்டறைக்காரரு சுட்டதுல பக்கவாட்டுல அடிபட்டு உண்ணிச்செடிக்குள்ள போயிருச்சு. "ஏறு, போகலாம், வெளிச்சம் வந்துருச்சு"ன்னு அவரு கத்தறாரு. இவன் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு எறங்கிட்டான். நூறடி போயிருப்பான். அதுக்குள்ள முன்னால வளைவுல காக்கிச் சட்டையப் பாத்துட்டு டிரைவரு வண்டியத் திருப்பிட்டான். ஒரே ஓட்டம். கார்டுகளுக்கு வண்டி நெம்பருகூடத் தெரியலை. ஜீப்புல இருந்தவங்க ஊட்டுக்குப் போயி இட்டிலி தின்னுருப்பாங்க. எறங்கி நடந்தவன் மாட்டிக்கிட்டான்.

"ஜீப்பு போற சத்தம் கேக்கலையா மாப்ள?"ன்னு கேட்டேன்.

"கேட்டுச்சுங்க மாமா. நான் திரும்பிப் பாக்கலை. ரத்தம் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. உட்டா அப்பறம் தடம் தவறிப்போயிரும்னு கீழயே பாத்துக்கிட்டுப் போனேன். நிமுந்தா நாலு பேரு நிக்கறாங்க."

மானு அங்கயே பத்தடியில கெடந்துச்சாம். பாரஸ்ட்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

துப்பாக்கி ஆருதுன்னு கேட்டிருக்காங்க. தன்னுதுதான்னு சொல்லிட்டான். கரட்டுல பொதைச்சு வெச்சிருந்தேன்னு எடம் வேற காட்டியிருக்கான். அவங்களும் போயிக் குழியப் பாத்திருக்காங்க. அது எந்தக் குழியோ. மான் கேசு ஒண்ணு, துப்பாக்கி கேசு ஒண்ணு. ரெண்டும் சேந்ததுனால ஜாமீனு குடுக்க மாட்டேங்கறாங்க.

ஜெயிலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே பாவாயி கேட்டா. "துப்பாக்கி உங்களுதுதானுங்களே?"

"ஆமா."

"அப்பப் போயி உங்களுதுன்னு சொல்லுங்க."

"சொன்னா? அவனையும் உட மாட்டாங்க, என்னையும் உள்ள வெப்பாங்க. வாழைக்கு ஆரு தண்ணி கட்டறது?"ன்னேன். நியாயந்தானுங்களே? ரெண்டு பேரு உள்ள போறதுக்கு ஒருத்தரு போறது தேவலை. அவ என்னையப் பாத்துக்கிட்டே நின்னா. அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசறதில்லீங்க. சோறாக்கி வெச்சுருவா. துணி தொவைச்சுப் போட்டுருவா. இன்னைக்குக்கூட இந்தப் பைய அவதான் கட்டிக் குடுத்தா. அவ தம்பிக்கு வேட்டி, துண்டு, பிஸ்கட்டு. குடுக்கறப்ப என் கையில குடுக்கலை, கட்டல்ல வெச்சுட்டுப் போயிட்டா. டீக்கடை சமாச்சாரம் அவளுக்குத் தெரியாது. தெரியாததுக்கே இப்படி.

எனக்கு வருத்தமில்லீங்களாங்கறீங்க. இருக்கோணுமில்ல? இருக்கும்னுதான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். மொத மாசம் வரும்னு பாத்தேன். மரத்துப்போன காலுல ஊனி நடக்கற மாதிரி இருக்குது. கீழ தரை இருக்குதுன்னு தெரியுது, அவ்வளவுதான். காட்டுக்கு இப்பப் போறதில்ல. துப்பாக்கி கோர்ட்டுல இருக்குதே.

வக்கீலு அவங்கிட்டச் சொல்லியிருக்காரு, ஜீப்புக்காரன் பேரச் சொல்லு, துப்பாக்கி ஆரு குடுத்ததுன்னு சொல்லு, கேசு பாதியாக் கொறையும்னு. இவன் மாட்டேன்னுட்டான். நானே கேட்டேன். "பட்டறைக்காரரு பேரச் சொல்றதுக்கு உனக்கென்ன மாப்ள? உன்னைய நடுக்காட்டுல உட்டுட்டு ஓடுனவன்தானே?"

"அது அவரு புத்திங்க மாமா. காட்டிக் குடுத்து வெளிய வர்ற பொழப்பு நமக்கு எதுக்கு?"ன்னான்.

நான் சரின்னேன். நேரம் முடிஞ்சுதுன்னு மணி அடிச்சுட்டாங்க.

ஒண்ணு மட்டும் கேப்பானுங்க, போறப்பெல்லாம். நான் போயி நின்னதும், அக்கா நல்லாருக்குதாங்களான்னு கேப்பான். வாழை எப்படின்னு கேப்பான். அப்பறம் வலைகிட்ட மூஞ்சியக் கொண்டாந்து, "கார்டுகிட்ட ஆரு சொன்னதுன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா மாமா?"ம்பான். கோவமாக் கேக்க மாட்டான். தெரிஞ்சுக்கறதுக்குத்தான். புதன், சனி, ரெண்டாவது வளைவு, எல்லாம் அப்படியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வந்தாங்களே, அது எப்படின்னு அவனுக்குப் புரியலை. உள்ள உக்காந்து அதையேதான் யோசிக்கறானாம்.

"விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன் மாப்ள"ன்னு சொல்லுவேன். எட்டுத் தடவ சொல்லியாச்சு.

போன தடவ நானே ஒண்ணு சொல்லிப் பாத்தனுங்க. அந்த டீக்கடைக்காரன் மேல எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்குதுன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியலை. என்னமோ ஒண்ணு சொல்லோணுமேன்னு சொல்லிட்டேன்.

"வேண்டாமுங்க மாமா. நல்லாத் தெரியாம ஆரு மேலயும் பழி போட வேண்டாம். அவனுக்கும் புள்ளைக இருக்குது. நீங்களும் இதுக்காக அங்கயும் இங்கயும் நடந்து அலையாதீங்க. உங்களுக்கு முட்டி ஆகாது. நீங்க ஒருத்தரு வந்து பாக்கறதே எனக்குப் போதும்"ன்னான்.

சரி மாப்ளன்னேன். மணி அடிச்சாங்க. வெளிய வந்தேன். எதுக்கால ஒரு ஓட்டலு இருக்குது. இனிமே ஒரு வாயி சோறு எறங்காதுன்னுதான் நெனச்சேன். இலையப் போட்டாங்க, உக்காந்தேன். ரெண்டு தடவ சாம்பாரு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மோரு கேட்டேன், ஊத்துனாங்க.

பசிச்சுச்சுங்க.